கிளைகள் பெருகும்போது எதைப் பொதுவாக்குவது?

ஒரு கடை நான்கு கடைகளானதும் குடும்பத்தில் ஒரு கேள்வி எழும். எல்லாக் கடைகளும் ஒரே முறையில் நடக்க வேண்டுமா, அவரவர் விருப்பத்துக்கு விடலாமா? பெரிய நிறுவனங்களுக்கும் இதே சிக்கல்தான்.

ஜீன் ராஸ், பீட்டர் வெய்ல், டேவிட் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட நூலில் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கிளையின் தகவல் மற்றொரு கிளைக்குத் தேவையா? வேலை செய்யும் முறை எங்கும் ஒன்றாக இருக்க வேண்டுமா? இதற்கு விடைகள் நான்கு.

1. இரண்டும் தேவையில்லை: டாடா குழுமத்தில் உப்பும் மென்பொருளும் தனித்தனி நிறுவனங்களின் தொழில்கள்.

2. தகவல் மட்டும் பொது: ஒரே வாடிக்கையாளருக்குக் கடனும் காப்பீடும் தரும் நிதி நிறுவனம்.

3. முறை மட்டும் பொது: மெக்டொனால்ட்ஸ். சமையல் முறை ஒன்று; ஒரு கிளையின் விற்பனை அடுத்த கிளையின் வேலையைப் பாதிக்காது.

4. இரண்டும் பொது: அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம். ஓர் ஊரில் ஏற்றிய பெட்டி மற்றோர் ஊரில் சரியாக இறங்க வேண்டுமே!

எல்லாவற்றையும் இணைப்பதே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஜூலையில் ஒரு மென்பொருள் கோளாறால் டெல்டா சுமார் 7,000 விமானப் பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. தனித்தனியே விட்டாலும் இழப்பு உண்டு. மொத்தக் கொள்முதலில் கிடைக்கும் விலைக் குறைப்பு கைநழுவும்.

அண்ணன் துணிக்கடையும் தம்பி மருந்துக்கடையும் நடத்தினால் ஒரே முறை தேவையில்லை. ஒரே பெயரில் மூன்று பிரியாணிக் கடைகள் என்றால் ருசி மாறக் கூடாது. பில்லிங் மென்பொருள் வாங்கும் முன்பே பங்குதாரர்கள் உட்கார்ந்து பேசி, எது பொது, எது தனி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வரும் மனக்கசப்பு குறையும்.