உப்பு ஜாடி கசிகிற மாதங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய எட்டு வயது மகனுக்குக் கார்த்திகை பிறந்தால் போதும், கண் விழித்ததும் பத்துப் பதினைந்து தும்மல். மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது. பள்ளிக்கூடம் போனால் அடங்கிவிடுகிறது, மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. தை பிறந்தும் விடுவதில்லை. “பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்திவிட்டோம். காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி வாங்கினால் சரியாகுமா?” என்று கேட்கிறார்.

பாதி விடை அவர் கேள்வியிலேயே இருக்கிறது. சளிக்காய்ச்சல் என்றால் தொண்டை வலிக்கும், உடம்பு சுடும், ஒரு வாரம் பத்து நாளில் விலகிவிடும். இந்தப் பையனுக்குக் காய்ச்சல் இல்லை, அரிப்பு இருக்கிறது. வாரக்கணக்கில் நீள்கிறது, ஆண்டுதோறும் அதே மாதத்தில் திரும்பி வருகிறது. அலர்ஜியின் போக்கு இதுதான். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே கோடு விழுந்திருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

எதனால் என்பதை இடமும் நேரமும் காட்டிக்கொடுக்கும். வெளியே காற்றடிக்கும்போது தும்மினால் புல், பார்த்தீனியம் போன்றவற்றின் மகரந்தத்தைத் தேடலாம். ஓதமேறிய சுவருள்ள அறையில் தும்மினால் பூஞ்சையை. படுக்கையை விட்டு எழும்போதே தும்மினால் முதலில் சோதிக்கவேண்டியது படுக்கையைத்தான். அங்கே குடியிருப்பது தூசி உண்ணி, டாக்டர்கள் சொல்லும் டஸ்ட் மைட்.

வரலாறு சுருக்கமானது. வீட்டுத் தூசி சிலருக்கு ஆகாது என்பது வெகுகாலமாகத் தெரியும். அந்தத் தூசிக்குள் இருக்கும் குற்றவாளி இந்த உண்ணிதான் என்று 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் குழு காட்டியது. அதே பத்தாண்டில், 1966-இல், அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஈ.யை இஷிசாகா தம்பதி அடையாளம் கண்டார்கள்.

தூசி உண்ணிக்கு எட்டுக் கால், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம். கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. ஆனால் காய்ந்த செதிலை மட்டுமே தின்று, ஒரு துளி தண்ணீர் கூட இல்லாத மெத்தையில் அது எப்படி உயிர் வாழ்கிறது? காற்றைக் குடித்து! முதல் காலின் அடியில் அதற்கு ஒரு சுரப்பி உண்டு. அதில் சுரப்பது உப்புக் கரைசல். காற்றில் ஈரம் கூடினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. இழுத்த நீர் உடம்பின் மேல் உள்ள சிறு வாய்க்கால் வழியே வழிந்து வாய்க்குப் போய்ச் சேர்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் அடுக்களையில் கல்லுப்பு ஜாடி கசிகிறதல்லவா, அதேதான் இது. தூசி உண்ணி ஓர் உப்பு ஜாடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிகிறது. நம் ஜாடி கசிந்தால் நமக்கு எரிச்சல், அதன் ஜாடி கசிந்தால் அதற்குத் தாகம் தீர்கிறது. காற்று வறண்டால் உப்பு கட்டிதட்டிச் சுரப்பியின் வாயை அடைத்துக்கொள்கிறது. உடம்பின் ஈரம் வெளியேறாமல் காக்க, உப்பே ஜாடிக்கு மூடியாகிறது. வறட்சி நாள்கணக்கில் நீடித்தால் அந்த மூடியும் போதாமல் உண்ணி காய்ந்து சாகிறது. நாமாவது ஜாடியில் நாலு அரிசி மணியைப் போட்டு வைப்போம். அதன் ஜாடிக்கு அரிசி மணி வெயில்தான்.

பையனின் நாட்காட்டி இப்போது விளங்கும். முட்டை வளர்ந்து முழு உண்ணியாக ஏறக்குறைய ஒரு மாதம். ஐப்பசி ஈரத்தில் பெருகத் தொடங்கியது கார்த்திகை, மார்கழியில் மந்தையாகிவிடுகிறது. மழை விட்ட பிறகும் தும்மல் விடாததற்குக் காரணம் அதன் எச்சம். செதிலைச் செரிக்கும் நொதி எச்ச உருண்டைகளில் கெடாமல் தங்கிவிடுகிறது. மூக்கின் உள்சவ்வில் செல்களைப் பிணைத்திருக்கும் தையலை அந்த நொதி அறுத்து உள்ளே நுழைய வல்லது. நுழைந்த இடத்தில் ஐ.ஜி.ஈ. காத்திருந்தால் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் கொட்டுகிறது, தும்மல் வெடிக்கிறது. பனிக்காற்று ஏற்கெனவே வீங்கிய மூக்கைச் சீண்டும், அவ்வளவுதான். தயிரும் வாழைப்பழமும் இதில் ஒரு பாவமும் அறியாதவை.

சரி, கருவி? எச்ச உருண்டைகள் கனமானவை. போர்வையை உதறினால் பறந்து, அரை மணி நேரத்துக்குள் படிந்துவிடும். தலையணைக்கும் மூக்குக்கும் இடையில் நடக்கும் காரியத்தை அறை மூலையில் நிற்கும் இயந்திரம் தடுக்காது. சிலர் புற ஊதா விளக்கால் மெத்தையைத் தடவுகிறார்கள். ஒளி பஞ்சுக்குள் இறங்காது, மேலே இருப்பவை செத்தாலும் எச்சம் அப்படியே இருக்கும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி விற்பவர்களிடம் சொல்லவேண்டியது ஒன்றுதான்: இங்கே அந்தச் சக்தி தேவைக்கு மேல் வேலை செய்வதுதான் நோயே. உண்ணி புகாத மெத்தை உறையைக் கூட அளவோடு நம்புங்கள். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களிடம் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில், இந்த உறையை மட்டும் போட்டவர்களுக்குச் சாதாரண உறை போட்டவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

ஆகவே சிறு சிறு வேலைகளைச் சேர்த்துத்தான் செய்யவேண்டும். பரணிலிருந்து இறக்கிய போர்வையைத் துவைக்காமல் பிள்ளைக்குப் போர்த்தாதீர்கள். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தையையும் தலையணையையும் நல்ல வெயிலில் சில மணி நேரம் திருப்பிப் போட்டுக் காயவைத்து, பையன் இல்லாத நேரத்தில் வெளியே வைத்துத் தட்டுங்கள். வெயில் உண்ணியைக் கொல்லும், எச்சத்தைத் தட்டியும் துவைத்தும்தான் போக்கவேண்டும். முடிந்தால் பாயில் படுக்கவையுங்கள்; கோரைப்பாய்க்கு மெத்தையைப் போல உண்ணி ஒளிய இடமுள்ள வயிறு கிடையாது. எழுந்ததும் படுக்கையைச் சுருட்டாமல், இரவு வியர்வை உலரும்வரை விரித்துப் போடுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். கொசுவர்த்திப் புகை அலர்ஜி இல்லை என்றாலும் வீங்கிய மூக்குக்கு ஆகாது.

நம் ஊர் ஈரத்தில் இவற்றால் மட்டும் முழுதாகத் தீராது, மருந்தும் வேண்டும். செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் அடக்கும். அடைத்த மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே மேலானது. அது முழுப் பலன் தரச் சில நாள் ஆகும் என்பதால், மாதம் தெரிந்த பிள்ளைக்கு டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே தொடங்கலாம். உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் போட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும். இழுப்போ இரவு இருமலோ இருந்தால் காத்திருக்கவே கூடாது.

படுக்கையைக் கவனிக்க எப்போது தொடங்குவது என்பதைச் சொல்லும் கருவி, காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சமையல் உப்பு நீர்க்கத் தொடங்கும், கல்லுப்பு அதற்கும் முன்பே. ஐப்பசியில் ஒரு காலை ஜாடியைத் திறக்கும்போது உப்பு கசிந்திருந்தால், மெத்தைக்குள்ளும் தாகம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்து வெயிலடிக்கிற நாளில், உப்பைக் காயவைக்கும் அதே கையோடு மகனின் படுக்கையையும் மாடிக்கு எடுத்துப்போங்கள்.