போலீஸ் அதிகாரிகளுக்கு வியாபாரப் பாடம்!

திருடனைப் பிடிக்கிறவருக்கும் கம்பெனி நடத்துகிறவருக்கும் என்ன சம்பந்தம்? ஒருவர் கையில் விலங்கு. மற்றவர் கையில் பேரேடு. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவுக்கு வாருங்கள், காட்டுகிறேன். அங்கே நாற்பது, ஐம்பது வயதான போலீஸ் அதிகாரிகள் துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வகுப்பில் உட்கார்ந்து நிர்வாகக் கலை படிக்கிறார்கள். சில சமயம் அந்தப் படிப்புக்குக் காசு கொடுப்பவர்கள் பெரிய பணக்காரர்கள்!

ஏன் இந்தப் படிப்பு?

ஒருவர் போலீஸ்காரராகச் சேருகிறார். ஓடுகிறவனைத் துரத்திப் பிடிப்பதில் கெட்டிக்காரர். பதவி உயர்ந்துகொண்டே போகிறது. ஒருநாள் ஒரு வட்டாரம் முழுவதும் அவர் பொறுப்பில் வருகிறது. இப்போது அவர் கீழே சில நூறு பேர். யாருக்கு எந்த வேளையில் வேலை, எந்தத் தெருவுக்கு எத்தனை வண்டி, மனம் சோர்ந்த போலீஸ்காரரை எப்படித் தேற்றுவது, கோபத்தோடு வரும் ஜனங்களுக்கு என்ன பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில். இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஓட்டமும் குறி பார்த்துச் சுடுவதும் இதற்குப் போதுமா?

இந்தக் குறை புதிதல்ல. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரின் போலீஸ் தலைவராயிருந்த ஆகஸ்ட் வால்மர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போலீஸ்காரருக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று சொல்லி வந்தார். 1935-ல் எஃப்.பி.ஐ. ஸ்தாபனம் நாடெங்குமுள்ள அதிகாரிகளுக்காக ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கியது. 1981 முதல் பாஸ்டன் நகரில் போலீஸ் உயர் அதிகாரிகளுக்கு மூன்று வார நிர்வாக வகுப்பு நடக்கிறது. வணிகக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் முறையே அங்கும். ஆசிரியர் பிரசங்கம் செய்வதில்லை. ஒரு சிக்கலைக் கதைபோல் எழுதிக் கொடுத்து, "நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார். பிறகு மாணவர்களுக்குள் வாக்குவாதம்தான்!

கணக்கு கேட்ட கமிஷனர்

வியாபார முறை போலீசுக்குள் முழு வேகத்தில் நுழைந்தது நியூயார்க்கில். 1994-ல் கமிஷனராக வந்த வில்லியம் பிராட்டன், "கம்பெனிக்கு லாபம் எப்படியோ, நமக்குக் குற்றம் குறைவது அப்படி" என்ற நோக்கில் வேலை தொடங்கினார். ஒவ்வொரு வட்டார அதிகாரியும் கிளை மானேஜர் மாதிரி. அதிகாலையில் கூட்டம், சுவரில் படம், எந்தத் தெருவில் எத்தனை கொள்ளை என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். "இதற்கு என்ன செய்தீர்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேள்வி! 'காம்ப்ஸ்டாட்' என்று அதற்குப் பெயர்.

பலன் இருந்ததா? 1990-ல் அந்த நகரில் 2,245 கொலைகள். 1998-ல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த முறையைக் கையாளாத நகரங்களிலும் அப்போது குற்றம் குறைந்ததால், பெருமையில் எவ்வளவு யாருக்கு என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் தகராறு.

ஆனால் ஒரு விபரீதமும் நடந்தது. லாபம் காட்டாத மானேஜர் என்ன செய்வார்? சிலர் கணக்கைத் திருத்துவார்கள், இல்லையா? போலீசிலும் அதுவே. ஓய்வு பெற்ற உயர் அதிகாரிகளிடம் விசாரித்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், புள்ளிக்குப் பயந்து குற்றங்களைச் சிறிதாக எழுதும் பழக்கம் இருந்ததாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். புரூக்ளின் பகுதிப் போலீஸ்காரர் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் இந்தத் தில்லுமுல்லுகளை ரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். 2009 அக்டோபரில் மேலதிகாரிகள் அவர் வீட்டுக்கே போய், அவரைப் பிடித்து மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் சேர்த்தார்கள்! ஆறு நாள் உள்ளே இருந்தார். வழக்குப் போட்டார்; 2015-ல் நகராட்சி 6 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

கடையில் கணக்கு பொய்த்தால் முதலாளிக்கு நஷ்டம். காவலில் கணக்கு பொய்த்தால் புகார் கொடுக்க வந்த ஏழைப் பெண்மணிக்கு நஷ்டம். அவளுடைய புகார் ஏட்டிலேயே ஏறுவதில்லை.

பணம் யாருடையது?

2022-ல் கென் கிரிஃபின் என்ற கோடீசுவரர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்ற ஆய்வகத்துக்கு 2.5 கோடி டாலர் கொடுத்தார். பங்குச் சந்தையில் பணம் குவித்தவர் அவர். அந்தப் பணத்தில் போலீஸ் தலைவர்களுக்கு ஒரு பயிற்சிக் கழகமும், ஊரில் வன்முறையைத் தணிக்கப் பாடுபடும் தொண்டர்களுக்கு ஒரு பயிற்சிக் கழகமும் ஏற்பட்டன. பல நகரங்களின் வட்டார அதிகாரிகள் சில மாதங்களுக்கு, மாதம் ஒரு வாரம் சிகாகோ வந்து படிக்கிறார்கள். மற்ற நாட்களில் படித்ததைச் சொந்த வட்டாரத்தில் செய்து பார்க்கிறார்கள். புள்ளிவிவரத்தோடு, ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதிப்பதும் அங்கே பாடம்.

நல்ல காரியந்தானே என்பீர்கள். ஆமாம். ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. 2007-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசுக்கு உளவுக் கணினி நிரல் வாங்க, 'டார்கெட்' என்ற பெரிய கடைக் கம்பெனி ஒரு தரும அமைப்பின் மூலம் 2 லட்சம் டாலர் கொடுத்தது. 2011-ல் 'ஜே.பி. மார்கன் சேஸ்' வங்கி நியூயார்க் போலீஸ் நலநிதிக்கு 46 லட்சம் டாலர் அளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வங்கி முதலாளிகளை எதிர்த்து வால் ஸ்ட்ரீட்டில் ஜனங்கள் கூடினார்கள். அவர்களைக் கலைத்தது அதே போலீஸ்! இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அடிபட்டவன் அப்படி நினைப்பானா, சொல்லுங்கள்? போலீஸ் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. நேர்மையாக இருப்பதாக ஜனங்களுக்குத் தோன்றவும் வேண்டும்.

இன்னொன்றும் யோசிக்கவேண்டும். ஒரு கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். போலீசில் அது முடியாது. ஊருக்கு ஒரே கடை! விலங்கு மாட்டப்பட்டவனும் அதன் வாடிக்கைக்காரன்தான். அவனுக்கும் நியாயம் கிடைக்கவேண்டும்.

ஆகவே வியாபாரியிடமிருந்து போலீஸ் அதிகாரி கற்க வேண்டியது உண்டு. ஆட்களைக் கண்ணியமாக நடத்துவது, நேரத்தை வீணாக்காமல் இருப்பது, தவறு எங்கே என்று தேடுவது இவையெல்லாம் நல்ல பாடங்களே. படிப்புக்குப் பணம் கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் ஊரறியச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், கம்பெனிக்கு முதலாளி பங்குதாரர். போலீசுக்கு முதலாளி நீங்களும் நானும்தான்!