ஒரு பேரினம் பெயர் பெறும் முறை

நண்டை நான்கறிவு உயிர்களுள் வைத்து எண்ணுகிறது தொல்காப்பிய மரபியல். அறிவின் எண்ணிக்கை கொண்டு உயிர்களைப் பகுத்த நெறி அது. நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலிகளை இன்றைய விலங்கியலார் காலையும் கணுவையும் முள்ளையும் எண்ணிப் பகுக்கின்றனர். அவ்வாறு பகுக்குங்கால், முன்னோர் வகுத்த எப்பிரிவிலும் அடங்காத உயிரொன்று கிட்டினால் என் செய்வது? அங்ஙனம் நேர்ந்த ஒன்றனை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள லாங் ஐலண்டு நீரிணையின் அடிச்சேற்று உயிர்களை ஆராய்ந்தவர் ஹோவார்டு சாண்டர்ஸ். அச்சேற்றில் அவர் கண்ட ஓர் உயிரின் நீளம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்கள் இல்லை. தலையை இலாட வடிவக் கவசம் மூடியுள்ளது. உடலின் பின்பகுதி கால்களின்றி நீண்டு, இறுதியில் இரு கிளைகளாகி நெடிய முட்களைத் தாங்குகிறது. இறாலை நோக்குவோமாயின், வாயருகே உள்ள தாடையுறுப்பு வேறு, நடக்கும் கால் வேறு. இவ்வுயிரிலோ இரண்டாம் துணைத்தாடையும் அதனை அடுத்த கால்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல் விளங்குகின்றன! கால் தாடையாக மாறித் தனித்தொழில் பூணுவதற்கு முந்திய தொன்மை நிலை இதுவெனச் சாண்டர்ஸ் கருதினார். ஆதலின் 1955இல் புதிய சிற்றினமும் பேரினமும் மட்டுமன்றி, செபலோகாரிடா என்னும் துணை வகுப்பையே நிறுவினார். பின்னாளில் வந்த மரபணு ஆய்வுகள் அத்தொன்மைக் கருத்தை ஐயத்திற்குரியதாக்கின. பிரிவோ நிலைத்தது, இன்று பலர் அதனைத் தனி வகுப்பாகவே கொள்கின்றனர்.

அவர் இட்ட பெயர் ஹட்சின்சோனியெல்லா மக்ரகாந்தா. முன்னது பேரினப் பெயர். யேல் பல்கலைக்கழகத்தில் தம் ஆசிரியராயிருந்த எவ்லின் ஹட்சின்சனைப் போற்றுவது. பின்னது நெடுமுள் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். நம் இலக்கணப்படி காரணப்பெயர். பெயர் சூட்டுதற்கும் விதிகள் உண்டு. பிற பேரினங்களினின்று வேறுபடுத்தும் பண்புகளை எழுதி வெளியிடல் வேண்டும். பேரினத்திற்குச் சான்றாக ஒரு சிற்றினத்தையும், அச்சிற்றினத்திற்குச் சான்றாக ஓர் உடலையும் சுட்டுதல் வேண்டும். விலங்குலகில் வேறொரு பேரினம் பெற்ற பெயரை மீண்டும் இடலாகாது.

எத்துணை வேறுபாடு இருந்தால் பேரினம் வேறாகும்? இதற்கு அளவுகோல் ஏதும் விதிகளில் இல்லை. 1961இல் மெரிடித் ஜோன்ஸ், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கிடைத்த இத்தகைய உயிரொன்றை விவரித்தார். அமைப்பு ஏறத்தாழ அதுவே. எட்டாம் இணைக்கால் மட்டும் இதில் இல்லை. அவர் அதனைத் தனிப் பேரினமாகவே கொண்டு லைட்டியெல்லா செரண்டிபிட்டா எனப் பெயரிட்டார். கால் எண்ணும் கணக்கன்று இது. எவ்வுறுப்பின் வேறுபாடு ஆழமானது எனத் தெளியும் பயிற்சி என்போம். செரண்டிபிட்டா என்பது எதிர்பாராது கிட்டியது என்னும் பொருளில் அமைந்தது. இலங்கையை அரபியர் செரந்தீப் என வழங்கினர்; அப்பெயர் கொண்ட பாரசீகக் கதையினின்று 1754இல் ஹோரஸ் வால்போல் ஆக்கிய ஆங்கிலச் சொல்லே இதற்கு மூலம். அரபு மாலுமியர் நாவில் வழங்கிய தீவின் பெயர் கலிபோர்னியச் சேற்றுயிரின் மேல் ஏறி நிற்பதைக் காண்கின்றோம்.

1965இல் சப்பானில் மூன்றாம் பேரினம் விவரிக்கப்பெற்றது. ஆசிரியர் பெயரை உயிருக்குச் சூட்டிய மாணாக்கரின் பெயரே அதற்கு வாய்த்தது: சாண்டர்சியெல்லா. நியூசிலாந்தில் 1977இலும் பிரேசிலில் 2000இலும் மேலும் இரண்டு சேர்ந்தன. இவ்வைந்து பேரினங்களிலும் அடங்கிய சிற்றினங்கள் பத்துக்குச் சற்றே மேல்.