துரும்பு ஆட்டம்

உதைபந்துக்கும் கரப்பந்துக்கும் ஊர் தேவை. எங்கள் மாவட்டத்தில் ஒரு கழகம் இறங்கினால் கிராமமே வேலியோரம் வந்து நிற்கும். பட்மின்டன் அப்படியல்ல. வலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கூடிப்போனால் இருவர் இருவர். வென்றாலும் தோற்றாலும் அது அந்த ஆளின் கணக்கு. இப்படிப்பட்ட தனியாள் விளையாட்டை நகரத்துக்கொரு கழகமாகப் பிரித்து, மக்கள் பக்கம் சேர்ந்து கத்தும் லீக்காக மாற்ற முடியுமா? இந்தியா அதை 2013இல் செய்து பார்த்தது. இலங்கையில் இருந்து பார்க்கிற எங்களுக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

2013 ஓகஸ்டில் ‘இந்தியன் பட்மின்டன் லீக்’ என்ற பெயரில் ஆறு கழகங்களோடு அது தொடங்கியது. வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்பட்டார்கள். மலேசியாவின் லீ சொங் வெய்யை மும்பை மாஸ்டர்ஸ் 1,35,000 டொலருக்கும், சாய்னா நேவாலை ஹைதராபாத் ஹொட்ஷொட்ஸ் 1,20,000 டொலருக்கும் வாங்கின. முதல் கிண்ணம் சாய்னாவின் ஹைதராபாத்துக்கே போனது. பிறகு ஓர் இடைவெளி. 2016 ஜனவரியில் ‘பிரீமியர் பட்மின்டன் லீக்’ என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தபோதுதான் அதன் உண்மையான கண்டுபிடிப்பும் வந்தது. அதுதான் துரும்பு ஆட்டம்.

இரண்டு கழகங்கள் சந்திக்கும் நாளில் ஐந்து ஆட்டங்கள் நடக்கும்: ஆண்கள் ஒற்றையர் இரண்டு, பெண்கள் ஒற்றையர் ஒன்று, ஆண்கள் இரட்டையர் ஒன்று, கலப்பு இரட்டையர் ஒன்று. ஓர் ஆட்டம் வென்றால் ஒரு புள்ளி. ஆனால் ஒவ்வொரு கழகமும் ஐந்தில் ஒன்றைத் தன் துரும்பாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதை வென்றால் இரண்டு புள்ளி. தோற்றால் எதிரணிக்கு வழக்கமான ஒரு புள்ளி போவதோடு, கையில் இருப்பதிலும் ஒன்று குறையும்.

304 கடதாசி விளையாடுகிறவர்களுக்கு இதன் ருசியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கையில் நல்ல கடதாசி இருப்பது ஒன்று, எதைத் துரும்பாக வைப்பது என்பது வேறொன்று. கணக்கைப் பாருங்கள். சாதாரண ஆட்டமொன்றில் வென்றால் ஒன்று முன்னே, தோற்றால் ஒன்று பின்னே, இடைவெளி இரண்டு. துரும்பில் வென்றால் இரண்டு முன்னே, தோற்றால் இரண்டு பின்னே, இடைவெளி நான்கு. அதாவது ஓர் ஆட்டத்துக்கு இரண்டு ஆட்டத்தின் கனம் வந்துவிடுகிறது. உலகத் தரவரிசையில் மேலே இருக்கும் ஒற்றையர் நட்சத்திரத்தின் மேல் அதைச் சுமத்துவதா, பெயர் தெரியாத ஆனால் சறுக்காத கலப்பு இரட்டையர் சோடியின் மேல் சுமத்துவதா என்று பயிற்றுநர் முடிவெடுக்க வேண்டும். பத்திரிகைகள் கண்டுகொள்ளாத இரட்டையர் ஆட்டம் திடீரென்று ஒரு கழகத்தின் உயிர்நாடி ஆனது இப்படித்தான். இந்த லீக் செய்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இதையே.

விதி எவ்வளவு நுட்பமாக வேலை செய்தது என்பதற்கு இறுதிப்போட்டிகளே சாட்சி. 2016இல் டெல்லி ஏசர்ஸ், 2017இல் சென்னை ஸ்மாஷர்ஸ், 2018இல் ஹைதராபாத் ஹண்டர்ஸ், 2019இல் பெங்களூர் ராப்டர்ஸ் ஆகியவை கிண்ணம் வென்றன. நான்கு இறுதிப்போட்டிகளும் 4–3 என்றே முடிந்தன. மொத்தம் ஏழு புள்ளி வரவேண்டுமென்றால் இரு கழகங்களும் தத்தம் துரும்பை வென்றிருக்க வேண்டும். வேறு வழியில் அந்தக் கூட்டுத்தொகை வராது. ஆகவே நான்கு தடவையும் கிண்ணத்தைத் தீர்மானித்தது துரும்பல்லாத மூன்று ஆட்டங்கள். மும்பை ரொக்கட்ஸ் அந்த நான்கில் மூன்று இறுதிகளில் நின்று, மூன்றையும் அந்த ஒரு புள்ளியில் இழந்தது.

ஆட்ட நேரத்தையும் சுருக்கினார்கள். உலகப் போட்டிகளில் 21 புள்ளி வரை போன செட் இங்கே 15 ஆனது. ஒரு பருவத்தில் 11 ஆகவும் இருந்தது. 14–14 என்று வந்தால் அடுத்த புள்ளியோடு செட் முடியும். மெதுவாகச் சூடுபிடிக்கும் வீரருக்கு இதில் மூச்சுவிட நேரமில்லை.

இனிக் குறை. கழகம் என்ற பெயர் இருந்ததே தவிர, கழகம் வேரூன்றவில்லை. பெங்களூர் அணி பங்கா பீட்ஸ், டொப்கன்ஸ், பிளாஸ்டர்ஸ், ராப்டர்ஸ் என்று நான்கு பெயர் கண்டது. சென்னை ஸ்மாஷர்ஸ் கடைசியில் சுப்பர்ஸ்டார்ஸ் ஆனது. 2017இல் சென்னைக்குக் கிண்ணம் வென்று கொடுத்த பி.வி. சிந்து இரண்டு பருவம் கழித்து ஹைதராபாத்துக்கு ஆடினார். தொடங்கிய சில வாரங்களில் பருவம் முடிந்துவிடும்; மீதி மாதங்களில் அந்தக் கழகத்துக்கு ஒரு மண்டபமோ, மாலைப் பயிற்சிக்கு வரும் சிறுவர்களோ இல்லை. ஜேர்மனியின் பட்மின்டன் புண்டஸ்லிகா 1971இல் இருந்து நடக்கிறது. அதில் ஆடுபவை ஊர்க் கழகங்கள். பிள்ளைகள் சேர்ந்து பழகும் இடங்கள். டென்மார்க்கும் அப்படியே. அப்போது அறுபது இலட்சம் பேர்கூட இல்லாத அந்த நாடு 2016இல் இந்தோனேசியாவை வென்று, ஆண்கள் அணிகளுக்கான உலகக் கிண்ணமான தோமஸ் கிண்ணத்தைத் தூக்கியது. ஐரோப்பாவுக்குப் போன முதல் தோமஸ் கிண்ணம் அதுதான்.

2020 பெப்ரவரியில் பெங்களூர் இரண்டாவது முறை வென்றது, தொடர்ந்து இருமுறை வென்ற ஒரே கழகமாக. அடுத்த மாதமே பெருந்தொற்று எல்லாவற்றையும் மூடியது, லீக்கும் நின்றது. ஆனாலும் அது வீண்போகவில்லை என்பது என் எண்ணம். 2022இல் பாங்கொக்கில் இந்தோனேசியாவை 3–0 என்று வென்று இந்தியா முதல் தடவையாகத் தோமஸ் கிண்ணம் எடுத்தபோது ஆடிய லக்சியா சென், ஸ்ரீகாந்த், சாத்விக், சிராக் எல்லாரும் இந்த லீக்கில் ஆடியவர்கள். தன் ஆட்டத்தைத் தோழர்கள் ஐவர் பக்கத்தில் இருந்து பார்க்கும் அழுத்தம் அவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை.

இலங்கையிலும் திறமைக்குக் குறைவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நிலுக்க கருணாரத்ன ஜப்பானின் கெனிச்சி தாகோவை நேர் செட்களில் வீழ்த்தினார். தாகோ அப்போது தரப்படுத்தப்பட்ட முன்னணி வீரர்.

ஆனால் எங்கள் திருகோணமலைப் பக்கம் பெரிய இடைஞ்சல் காற்று. இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான், பதினாறு இறகுகள். இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற கரையோரத்தில் கச்சான் வீசும் மாதங்களில் அடித்த பந்து அடித்த இடத்துக்குப் போகாது. வெக்கையில் காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து வேகமாகவும் பறக்கும்; அதனால் வெப்ப நாட்டில் வேகம் குறைந்த பந்தைத் தேர்வார்கள். உள்ளக அரங்கு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதுவரைக்கும் ஒரு வழி உண்டு. உலக பட்மின்டன் சம்மேளனம் 2019இல் ‘ஏர் பட்மின்டன்’ என்ற வெளிக்கள ஆட்டத்தை அறிமுகம் செய்தது. காற்றைத் தாங்கும் செயற்கைப் பந்து; மணல், புல், சீமெந்து எதிலும் ஆடலாம்; வலையை ஒட்டி விழும் பந்து கணக்கில் சேராது; மூவர் மூவராகவும் ஆடலாம்.

எங்கள் ஊர்களில் விளையாட்டுக் கழகங்களுக்குப் பஞ்சமில்லை. பெயர்ப்பலகை, கொடி, நிருவாகக் குழு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு கழகங்கள் ஐந்து ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்து, ஆளுக்கொரு துரும்பு சொல்லி, ஒரு ஞாயிறு காலையில் காற்று எழும்புமுன் ஆடி முடிக்கலாம். ஐந்து ஆண்களும் இரண்டு பெண்களும் இருந்தால் ஒரு பக்கம் நிறைந்துவிடும். ஒருவரே இரண்டு ஆட்டம் ஆடினால் அதற்கும் குறைவாகப் போதும். பெண்கள் ஒற்றையரையும் கலப்பு இரட்டையரையும் மட்டும் விட்டுவிடக் கூடாது. அவை இரண்டும் போனால் ஐந்து ஆட்டக் கணக்கே நிற்காது.