வானில் விரித்த வலையும் மண்ணில் வாழும் சொல்லும்: இந்தோனேசியா தரும் பாடம்

ஒரு நாட்டின் நிலப்பரப்பைக் கடல் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்குமானால், அந்நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே பெரும் அறைகூவலாகிவிடுகிறது. உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளுள் முன்னிற்கும் இந்தோனேசியா அத்தகைய நாடு. 17,000க்கும் மேற்பட்ட தீவுகள். மேற்கில் சபாங் முதல் கிழக்கில் மெரவ்க்கே வரை 5,000 கிலோமீட்டருக்கும் மிகுந்த தொலைவு. ஒரே நாட்டுக்குள் மூன்று நேர மண்டலங்கள். ஆழ்கடலில் வடம் பதிப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஏற்படும். சிற்றலை வானொலியோ மேல்வளிமண்டலத்தின் நிலையைப் பொறுத்து ஒருவேளை கேட்கும், மறுவேளை மங்கிவிடும். இந்நிலையில் அந்நாடு வானத்தை நோக்கியதில் வியப்பில்லை. அந்த முயற்சியின் அரை நூற்றாண்டு வரலாறு, தகவல் தொடர்பு ஒரு சமூகத்தை நிலைபெறச் செய்யும் வழி யாது என்னும் வினாவுக்குத் தெளிவான விடைகளைத் தருகிறது.

பலாபா என்னும் சூளுரை

1976 ஜூலை 8 அன்று பலாபா ஏ-1 என்னும் செயற்கைக்கோள் அமெரிக்காவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. ஆகஸ்ட் 16 அன்று, நாட்டின் விடுதலை நாளுக்கு முந்தைய தினத்தில், அதிபர் சுகார்த்தோ அச்சேவையைத் தொடங்கி வைத்தார். உள்நாட்டுத் தொடர்புக்கெனப் புவிநிலைச் செயற்கைக்கோள் அமைப்பை அதற்கு முன் நிறுவியிருந்தவை கனடாவும் அமெரிக்காவுமே. வளர்ந்துவரும் நாடொன்று இத்துறையில் இவ்வளவு விரைவாக அடியெடுத்து வைத்தது அன்று பலரையும் வியக்க வைத்தது. பெயரும் பொருள் பொதிந்தது. 14ஆம் நூற்றாண்டில் மஜாபாகித் பேரரசின் அமைச்சரான கஜ மதா, தீவுகள் அனைத்தையும் ஒன்றிணைக்கும் வரை ‘பலாபா’வைச் சுவைப்பதில்லை எனச் சூளுரைத்ததாக மரபு கூறும். அச்சொல்லே செயற்கைக்கோளுக்குச் சூட்டப்பட்டது.

இது இயங்கும் முறை எளிதில் விளங்கத்தக்கதே. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கோள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே கீழிருந்து காண்போருக்கு அது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும். இவ்வகைக் கோள்கள் மூன்று இருந்தால் உலகின் பெரும்பகுதியை இணைத்துவிடலாம் என்பதை 1945இலேயே எழுதியவர், பிற்காலத்தில் இலங்கையைத் தம் வாழ்விடமாகக் கொண்ட ஆர்தர் சி. கிளார்க். ஒரு தரைநிலையம் மேலே அனுப்பும் அலையைக் கோள் பெற்று, வலுவூட்டி, வேறோர் அலைவரிசையில் கீழே திருப்பி அனுப்புகிறது. இடையில் எத்தனை கடல் இருப்பினும் அது தடையாவதில்லை.

ஆனால் மழை தடையாகலாம். அலைவெண் கூடக்கூட, மழைத்துளிகள் அலையை உறிஞ்சுவதும் சிதறடிப்பதும் மிகுதியாகும். வெப்பமண்டலப் பெருமழை பெய்யும் தீவுகளில் இது சிறிய இடர் அன்று. அதனால்தான் ‘சி’ அலைவரிசை எனப்படும் தாழ்ந்த அலைவெண் பகுதி அங்கு நெடுங்காலம் விரும்பப்பட்டது. அதற்குப் பெரிய அலைவாங்கித் தட்டுகள் தேவைப்பட்ட போதிலும், மழை நாளிலும் பேச்சு அறுபடாமல் இருந்தது. பிற நாட்டுக் கருவியை அப்படியே இறக்குமதி செய்தால் போதாது, சொந்த மண்ணின் வானிலையையும் ஆராய்ந்தறிய வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

வலை எதைச் சுமந்தது?

தொலைபேசியும் தொலைக்காட்சியும் தீவுகளைச் சென்றடைந்தன. 1980களில் கிழக்குத் தீவுகளின் பல்கலைக்கழகங்கள் செயற்கைக்கோள் வழியே ஒலியிணைப்புப் பெற்று, ஓரிடத்து ஆசிரியரின் பாடத்தைப் பல தீவு மாணவர்கள் ஒருங்கே கேட்கும் நிலை உருவாயிற்று. அதே வேளையில் எதிர்பாராத விளைவொன்றும் தோன்றியது. தலைநகரின் ஆடம்பரப் பொருள்களுக்கான விளம்பரங்கள், அவற்றை வாங்க வகையற்ற சிற்றூர்களின் திரைகளிலும் ஒளிர்ந்தன. இது மக்களிடையே ஏக்கத்தையும் மனக்கசப்பையும் வளர்க்கும் என்ற கவலை எழ, 1981 ஏப்ரல் முதல் அரசுத் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. தனியார் ஒளிபரப்புகள் வந்தபின் விளம்பரம் மீண்டும் வந்தது என்பது வேறு செய்தி. வலையை விரிப்பது ஒரு முடிவு, அதன்வழி எதை அனுப்புவது என்பது வேறொரு முடிவு என்பதை அந்நாடு அன்றே உணர்ந்தது.

ஆயுளும் பராமரிப்பும்

செயற்கைக்கோள் என்றென்றும் இயங்கும் பொருளன்று. தன்னிலை காக்கும் எரிபொருள் தீர்ந்தால் அதன் பணியும் முடியும். 1984 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து விடுவிக்கப்பட்ட பலாபா பி-2, உந்துபொறி பழுதானதால் உரிய பாதையை அடையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் விண்வெளி வீரர்கள் அதனைக் கைப்பற்றிப் பூமிக்குக் கொணர்ந்தனர். செப்பனிடப்பட்ட அக்கோள் 1990இல் மீண்டும் ஏவப்பட்டது. எறிந்துவிடாமல் மீட்டுப் பயன்படுத்தியதற்கு விண்வெளி வரலாற்றில் இது அரியதோர் எடுத்துக்காட்டு.

இதற்கு நேர்மாறானது டெல்கோம்-1இன் கதை. 1999இல் 15 ஆண்டு ஆயுளுக்கெனத் திட்டமிட்டு ஏவப்பட்ட அக்கோள், அக்காலம் கடந்தும் பணியில் வைக்கப்பட்டிருந்தது. 2017 ஆகஸ்ட் 25 அன்று திடீரெனச் செயலிழந்தது. ஆயிரக்கணக்கான வங்கிப் பணப்பொறிகள் ஒரே நாளில் முடங்கின. அக்கோளிலிருந்து சிதறல்கள் வெளிப்பட்டதையும் தொலைநோக்கிகள் கண்டன. அவ்வுயரத்தில் சிதறும் துண்டுகளைக் கீழே இழுத்து எரித்துவிட அங்குக் காற்று மண்டலம் இல்லை. அவை தலைமுறை தலைமுறையாக அங்கேயே சுற்றும். ஆற்றையும் காட்டையும் போலவே சுற்றுப்பாதையும் மனித குலத்தின் பொதுச் சொத்து. அதனையும் மாசுபடுத்த முடியும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் எச்சரிக்கை.

பெரும் கோள்களை வாங்கிப் பயன்படுத்துவதோடு நில்லாமல், சிறு கோள்களைத் தாமே கட்டும் ஆராய்ச்சியிலும் இந்தோனேசியர் ஈடுபட்டனர். 2007இல் ஏவப்பட்ட முதலாவது சிறுகோள் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் உருவானது. அப்பயிற்சியின் பயனாக இரண்டாவது கோளான லாபான்-ஏ2 உள்நாட்டிலேயே கட்டப்பட்டு, 2015 செப்டம்பர் 28 அன்று நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியில் விண்ணேகியது. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுவதால் அது நாள்தோறும் பலமுறை தீவுக்கூட்டத்தைக் கடக்கிறது. கப்பல்களின் அடையாளக் குறிப்புகளைப் பெறுவதுடன், பேரிடர்க் காலத்தில் தன்னார்வ வானொலியாளர்களின் குரலைக் கடத்துவதும் அதற்கு இடப்பட்ட பணி.

கடைசி ஒரு கல் தொலைவு

2004 டிசம்பர் 26 அன்று ஆச்சேயைத் தாக்கிய ஆழிப்பேரலையில் இந்தோனேசியாவில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். நிலநடுக்கத்தைத் தொலைதூர ஆய்வு நிலையங்கள் பதிவு செய்தே இருந்தன. ஆனால் கரையில் நின்ற மனிதனுக்கு அச்செய்தியைச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு இந்துமாக்கடல் நாடுகளில் இருக்கவில்லை. அதன்பின் நிலநடுக்கமானிகள், கடல்மட்ட அளவிகள், செயற்கைக்கோள் வழியே தரவனுப்பும் மிதவைகள் ஆகியவற்றைக் கொண்ட எச்சரிக்கை அமைப்பு 2008இல் தொடங்கப்பட்டது. ஆனால் மிதவைகள் சேதமாக்கப்பட்டும் களவு போயும், பராமரிக்க நிதியின்றியும் சில ஆண்டுகளிலேயே செயலற்றுப்போயின.

2018 செப்டம்பர் 28 அன்று சுலவேசியின் பாலூ நகரருகே 7.5 அளவில் நிலம் நடுங்கியது. ஐந்து நிமிடங்களில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆனால் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் வீழ்ந்திருந்தன. அலைகளோ சில நிமிடங்களிலேயே கரையை அடைந்துவிட்டன. நிலநடுக்கம், அலை, மண் இளகிப் புதைந்தது ஆகிய அனைத்திலுமாக 4,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். 36,000 கிலோமீட்டர் உயரத்தைக் கடந்து மீண்ட செய்தி, கடைசி ஒரு கல் தொலைவைக் கடக்க முடியாமல் நின்றுவிட்டது.

இங்குதான் சிமுலுவே தீவை நினைவுகூர வேண்டும். 2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. நிலம் நடுங்கிய பத்து நிமிட அளவில் அலை அதைத் தாக்கியது. மக்கள் தொகை 70,000க்கும் மேல். இறந்தோர் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுவோர் எழுவர் மட்டுமே. அவர்களைக் காத்தது ‘ஸ்மோங்’ என்னும் ஒரு சொல். 1907இல் நேர்ந்த பேரலையில் உற்றாரை இழந்த முன்னோர், நிலம் வலுவாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுநிலத்துக்கு ஓட வேண்டும் என்னும் அறிவைத் தாலாட்டிலும் கதையிலும் பாட்டிலும் பொதிந்து பேரர்களுக்குக் கொடுத்துச் சென்றிருந்தனர். அன்று ஒருவர் அச்சொல்லைக் கூவ, ஊரே மலையேறியது.

இதனால் செயற்கைக்கோள் தேவையற்றது என்று முடிவு கட்டுவது பிழையாகும். நிலநடுக்கத்தை உணராத தொலைதூரக் கரைகளுக்கும், கடலில் இருக்கும் மீனவருக்கும், மருத்துவரற்ற தீவுக்கும் வானத்து வலையன்றி வேறு வழியில்லை. 2023 ஜூனில் ஏவப்பட்ட சத்ரியா-1 நொடிக்கு 150 கிகாபிட் திறனுடன் பள்ளிகளையும் சுகாதார நிலையங்களையும் இணைக்க எழுந்தது. 2024 மே மாதத்தில் தாழ்ந்த சுற்றுப்பாதையில் இயங்கும் ஸ்டார்லிங்க் சேவை பாலித் தீவின் சுகாதார நிலையமொன்றில் தொடங்கி வைக்கப்பட்டது. அத்தகைய கோள்கள் ஆயிரக்கணக்கில் தேவை. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறத்தாழ ஐந்தாண்டே. ஆகவே அடிக்கடி புதுப்பிக்கும் செலவு யாருடையது, கட்டுப்பாடு யார் கையில் உள்ளது என்னும் வினாக்கள் முன்னைவிடக் கூர்மையாகின்றன.

ஒரு வலைப்பின்னல் சமூகத்தை நிலைபெறச் செய்ய மூன்று தேவைகள் உள்ளன என்பதை இந்த அரை நூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது. கருவியைப் புரிந்துகொள்ளும் அறிவு உள்நாட்டில் வேரூன்ற வேண்டும். தொடக்க விழாவுக்குச் செலவிடும் ஊக்கம் பராமரிப்பிலும் தொடர வேண்டும். செய்தி வந்தடையும்போது அதைக் கேட்டுச் செயற்படக் கற்ற மக்கள் கரையில் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் அரசுகளும் அறிஞர்களும் தரலாம். மூன்றாவதை, சிமுலுவேயின் பாட்டிமாரைப் போல், நாமே நம் குழந்தைகளுக்குக் கற்பித்தாக வேண்டும்.