72 வேலி, எத்தனை குழி?

திருபுவனைப் பெருமாள் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை யாரை அழைத்துப் போனாலும் முதல் கேள்வி யானையைப் பற்றித்தான். சோழனிடம் யானை எத்தனை இருந்தது? கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலாம் ராஜாதிராஜன் 1054-இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானை மேலேயே உயிர்விட்டவன். நான் அவர்களை அதற்கு ஆறு ஆண்டு முந்தைய கல்வெட்டுக் கணக்கு ஒன்றுக்குக் கூட்டிப்போகிறேன்.

அவனுடைய 30-ஆம் ஆட்சியாண்டு, 1048. நிலம் 72 வேலி. ஆண்டு வரவு 12,000 கலம் நெல். ஆசிரியர் 12 பேர், மாணவர் 260 பேர். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், பேருந்து ஜன்னலில் நாம் கவனிக்காமல் கடந்துபோகிற ஊரில் ஒரு கல்லூரி நடந்திருக்கிறது.

எண்களை அப்படியே சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. உடைத்துச் சொல்ல வேண்டும். கலத்துக்கு 12 குறுணி, குறுணிக்கு 8 நாழி; ஆக ஒரு கலம் 96 நாழி. 12,000 கலம் என்றால் 11,52,000 நாழி. 360 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 3,200 நாழி. இந்த இடத்தில்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அத்தனையும் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகவில்லை. கோயில் செலவும் அதிலிருந்துதான். மாணவர் பங்கை மட்டும் மதிப்பிடப் பக்கத்துக் கணக்கு ஒன்று உதவுகிறது. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலக் கல்லூரிக்கு 45 வேலி, ஆசிரியர் 14 பேர். இளைய மாணவர் 270 பேருக்குத் தலைக்கு நாள்தோறும் 6 நாழி நெல். மேல்நிலை மாணவர் 70 பேருக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. அந்த 70 பேரில் வியாகரணம் படித்தவர் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. கூட்டிப் பார்த்தால் மாணவர் செலவு மட்டும் ஒரு நாளைக்கு 2,320 நாழி.

எண்ணாயிரத்து இளையவர் விகிதத்தைத் திருபுவனைக்குப் போட்டால் 260 பேருக்கு 1,560 நாழி. அன்றாட வரவில் பாதிக்கும் சற்றுக் குறைவு. விகிதம் கடன் வாங்கியது என்பதைக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன். அதை மறைத்தால் நாளைக்கு இன்னொருவர் இதையே கல்வெட்டுச் செய்தி என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஆட்டுக் கணக்கு. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு, சில ஊர்களில் 90. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நாழிக்கு 4 உழக்கு. 365 உழக்கு 91¼ நாழி. ஆண்டுக்கு ஆடொன்றுக்கு ஏறக்குறைய ஒரு நாழி நெய்! தஞ்சைப் பெரிய கோயிலில் இதே விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஓர் எருமைக்கு ஆறு ஆடு என்று அரண்மனை கண்ட விலை நிலவரம் இது. கல்லில் இவற்றுக்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகும், கிழடாகும். எண்ணிக்கை குறையாமல் கிடையைப் பெருக்கிக்கொள்வது இடையர் பொறுப்பு. அரசன் ஏற்றிய விளக்கு என்கிறோம். அது அணையாமல் பார்த்துக்கொண்டவர் யார் என்பது இந்தச் சொல்லில் இருக்கிறது.

திருபுவனைக் கணக்கு நம் கைக்கு வர எவ்வளவு காலம் பிடித்தது என்பது தனிக் கணக்கு. 1048-இல் வெட்டிய எழுத்தை 1919-இல் படியெடுத்தார்கள். இடைவெளி 871 ஆண்டு. படியெடுப்பது பொறுமை கேட்கும் வேலை. கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும், நனைத்த தாளை ஒட்ட வேண்டும், எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடிக்க வேண்டும், பிறகு மை ஒற்ற வேண்டும். கோயில் அடித்தளத்துக் குமுத வரியின் வளைவில் தாள் மடிந்தால் அந்த இடத்தில் நாழியா, உரியா என்பதே போய்விடும். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935-இலும் 1937-இலும் இரண்டு பாகமாக வந்தது, ஆங்கிலத்தில். புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைப் பாகூர் குப்புசாமி தொகுக்க, விஜயவேணுகோபால் பதிப்பிக்க, முதல் பகுதி 2006-இல் வெளியானது. இரண்டாம் பகுதி 2010-இல். படியெடுத்ததிலிருந்து முதல் பகுதிக்கே 87 ஆண்டு.

பல்லவர் வரலாற்றுக்கும் புதுச்சேரி ஒருவரைத் தந்தது. இங்கே பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய், 1914-இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றி இரண்டு தொகுதி, 1916-லும் 1918-லும் பல்லவர் சின்னங்கள் பற்றி ஒவ்வொன்று, 1917-இல் பல்லவர் வரலாறு, 1920-இல் தக்காணத்தின் பழைய வரலாறு என்று ஏழு ஆண்டில் ஆறு தொகுதி எழுதிக் குவித்தார். எல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். கல்வெட்டு இருக்கிற தெருவில் குடியிருப்பவருக்கு அவை எட்டவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. ஞாயிற்றுக்கிழமைகளை நான் இதற்கென ஒதுக்கியது அதனால்தான்.

போன மாதம் கோயில் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏம்பா, 72 வேலின்னா எத்தன குழி வரும்?” என்றார்கள். இத்தனை நாளும் நெல்லைத்தான் உடைத்துக்கொண்டிருந்தேன். நிலத்தை உடைக்கத் தோன்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். வேலி 6⅔ ஏக்கர் என்கிற தஞ்சை வழக்கில் 480 ஏக்கர். நம் ஊர்க் குழி 576 சதுர அடி. 36,300 குழி, 363 காணி.

“அவ்வளவும் எந்தப் பக்கம் இருந்துச்சு? ஏரிக்குக் கிழக்கயா, மேற்கயா?”

அடுத்த ஞாயிறு கிராம வரைபடத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.