கட்டிலுக்கு அடியில ஒரு கனவு!

‘‘கிடார்னா ஆறு கம்பி இருக்கணுமே... ரெண்டு அறுந்துபோச்சா தம்பி?’’

பேஸ் கிடாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறின யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பினதில்லை. நீங்களும் பல்லைக் கடிச்சுக்கிட்டு பதில் சொல்லியிருப்பீங்க. சீனியர்கிட்ட இரவல் வாங்கின டப்பா பேஸ்ல ஆரம்பிச்சு, கல்ச்சுரல்ஸ் மேடையில ஓரமா நின்னு, பாடினவனுக்கு மட்டும் விசில் பறக்கிறதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு... இத்தனைக்கும் நடுவுல மனசுக்குள்ள ஒரு படம் மட்டும் ஒட்டிக்கிட்டே இருக்கும். ஓரமெல்லாம் பெயின்ட் உரிஞ்சு மரம் தெரியற ஒரு பழைய ஃபெண்டர் பேஸ்!

ட்யூஷன் எடுத்து, ரிசப்ஷன்ல வாசிச்சு, முதல் சம்பளத்துல மிச்சம் பிடிச்சுப் பணமும் சேர்த்தாச்சு. திடீர்னு ஒருநாள் நண்பன் போன் பண்றான். ‘‘மச்சி, ஒரு அங்கிள்டா. அந்தக் காலத்துல லைட் மியூசிக்ல வாசிச்சவர். கட்டிலுக்கு அடியில ஒண்ணு வெச்சிருக்காராம். கொடுத்துடற ஐடியாவுல இருக்கார்!’’

ஓடாதீங்க பாஸ். ஒரு நிமிஷம்.

முதல்ல, ஏன் பழசுக்கு இந்த மவுசு? 1951-ல் அமெரிக்காவுல லியோ ஃபெண்டர் ‘ப்ரெசிஷன் பேஸ்’ கொண்டுவந்தார். அதுவரைக்கும் பேஸ்னா ஆளுயர டபுள் பேஸ்தான். அதுல சுருதி நிற்கணும்னா விரல் சரியான இடத்துல விழணும். லியோ நெக்ல ஃப்ரெட் வெச்சார், சுருதி கச்சிதமா நின்னுச்சு. பேர்க் காரணமே அதுதான். 1960-ல் ‘ஜாஸ் பேஸ்’ வந்தது. 1965-ல் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்துகிட்ட வித்துட்டார். அதுக்கப்புறம் தரம் இறங்கிடுச்சுன்னு ஒரு பேச்சு கிளம்ப, அதுக்கு முந்தின பேஸ் எல்லாத்துக்கும் பின்னால ஒளிவட்டம்! இன்னிக்கு அதுல கை படாத ஒண்ணு வேணும்னா பல லட்சம் வேணும். அந்தப் பேச்சுல உண்மை பாதி, சந்தை கிளப்பிவிட்டது மீதி என்பது என் கட்சி. 70-கள்ல வந்ததுலயும் அற்புதமான பேஸ் இருக்கு. 60-கள்ல வந்ததுலயும் மண்ணு இருக்கு.

இன்னொரு விஷயம். 60-களின் நடுவுக்குப் பிறகு வந்த பல ஃபெண்டர்ல விரல் வைக்கிற பலகை எந்த மரம் தெரியுமா? இந்திய ரோஸ்வுட். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ற ஈட்டி மரம்தான். இங்கிருந்து கப்பல் ஏறிப் போனது, கம்பி கட்டிக்கிட்டுத் திரும்பி வருது!

சரி, அங்கிள் வீட்டுக்குப் போறீங்க. பையில ரெண்டே ரெண்டு சாமான் போதும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன டார்ச். காபி குடிச்சு முடிச்சதும் மெதுவா கேளுங்க: ‘‘அங்கிள், கோவிச்சுக்காதீங்க. ஒருதடவை கழட்டிப் பார்த்துக்கட்டுமா?’’ நேர்மையான ஆள் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார். ‘அதெல்லாம் தொடக் கூடாது’ன்னா, காபி நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

வால்யூம் குமிழ் இருக்கிற தகட்டைக் கழட்டுங்க. உள்ளே இருக்கிற ‘பாட்’ முதுகுல ஒரு நம்பர் குத்தியிருக்கும். உதாரணமா 304-6614. முதல் மூணு, அதைச் செஞ்ச கம்பெனி. 66, வருஷம். 14, அந்த வருஷத்தோட 14-வது வாரம். ஆக, ‘இது 62 மாடல் தம்பி’ன்னு சொன்ன பேஸ்ல 66-ம் வருஷத்து பாட் இருந்தா, ஒண்ணு பாட் மாத்தியிருக்கணும், இல்லே கதை மாத்தியிருக்கணும். ஈயப்பத்து மேல டார்ச் அடிங்க. பழசு மங்கலா இருக்கும், புதுசு பளபளன்னு காட்டிக்கொடுத்துடும். தலைகீழா, பாட் பழசா இருந்து பேஸ் ரெண்டு மூணு வருஷம் இளசா இருந்தா பதறாதீங்க. ஃபெண்டர் 66-ல் மொத்தமா வாங்கிக் குவிச்ச பாட்டைப் பிறகு வருஷக்கணக்கா மாட்டினாங்க.

அப்புறம் நெக். இங்கதான் உங்க காசே இருக்கு. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்துல அழுத்திப் பிடிங்க. நடுவுல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடைவெளி இருந்தா பரவாயில்லை. விரலே நுழைஞ்சா வில்லு மாதிரி வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். அதை நிமிர்த்த உள்ளே ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அதை ஏற்கெனவே முழுசா முறுக்கி முடிச்சிருந்தா, இனி திருப்ப இடமில்லை. பழைய ஃபெண்டர்ல நெக்கைக் கழட்டினாத்தான் அந்தத் திருகே முழுசா கைக்கு வரும். அதனால கழட்டித்தான் ஆகணும். கழட்டினா நெக் அடியில தேதி முத்திரையும் பல சமயம் கிடைக்கும்.

குமிழைத் திருப்பினா கரகரன்னு சத்தமா? விடுங்க, சில்லறைச் செலவு. மெலிசான கம்பியில அஞ்சுலேர்ந்து ஏழாவது ஃப்ரெட் வரைக்கும் எங்கேயாவது ஒரு சுரம் மட்டும் சட்டுனு செத்துப்போகுதா? அது ஃபெண்டர் பேஸ்களோட பிறவிக்குணம், பேரம் பேச மட்டும் வெச்சுக்கங்க. பிக்கப் மொத்தமா ஊமைன்னாதான் யோசிக்கணும்.

இப்போ முக்கியமான இடம். யாரோ பெயின்ட் மாத்தி அடிச்சிருக்காங்க, ஒரு குமிழ் புதுசு. முகத்தைச் சுளிக்கிறீங்களா? சேகரிக்கிறவங்க சுளிக்கட்டும். பெயின்ட் மாத்தினாலே விலை பாதிகூட இறங்கிடும். அவங்களுக்கு அது காயம், உங்களுக்கு டிஸ்கவுன்ட்! பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்ட அவங்களுக்கு வேணும். உங்களுக்கு வாசிக்க வேணும். ஜாக்கோ பஸ்டோரியஸ் தன்னோட 62 ஜாஸ் பேஸ்ல ஃப்ரெட்டையே பிடுங்கி எறிஞ்சுட்டு, பலகை மேல படகுக்குப் பூசற எபாக்ஸியைப் பூசினார். அந்த ஒலிக்குத்தான் உலகமே மயங்குச்சு. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்ல ஹோஃப்னர் பேஸ் வாங்கினதுக்குக் காரணம், அது சுமார் 30 பவுண்டுக்குக் கிடைச்சது. ஃபெண்டர் வாங்க அவர்கிட்ட காசில்லை!

பட்ஜெட் அதுக்கும் எட்டலையா? ஃபெண்டர் 1982-ல் ஜப்பான்ல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. ‘ஜேவி’ன்னு சீரியல் நம்பர் தொடங்கற அந்த ஆரம்ப வரிசைக்கும் இப்போ நாற்பது வயசு தாண்டிடுச்சு. அமெரிக்க அண்ணன்களோட விலையில ஒரு துளிதான்.

வாங்கியாச்சா? வீட்டுக்கு வந்ததும் சீரியல் நம்பரை, ஒவ்வொரு கீறலை, நெக் அடியை எல்லாம் போட்டோ எடுங்க. மேலே சொன்ன ரெண்டு பேஸுமே திருட்டுப் போனவை. ஜாக்கோவோடது 1986-ல் நியூயார்க்ல காணாமப் போய், சுமார் இருபது வருஷம் கழிச்சுத்தான் தலைகாட்டுச்சு. மெக்கார்ட்னியோடது 1972-ல் லண்டன்ல ஒரு வேன்லேர்ந்து போனது. திரும்பக் கிடைச்ச செய்தி 2024-ல்தான் வெளியே வந்தது.

மூணாவது ஒண்ணு இருக்கு. மோடவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனோட 62 ப்ரெசிஷன். ஒரே விரலால மீட்டுவார், கம்பியை மாத்தவே மாட்டார், நெக் அடிப்பக்கம் ‘ஃபங்க்’னு எழுதி வெச்சிருந்தார். 1983-ல், அவர் இறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அதையும் யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. இன்னும் கிடைக்கலை.

அங்கிள் பெட்டியைத் திறக்கும்போது அந்த எழுத்து கண்ணுல பட்டா, பேரம் பேசாதீங்க. போலீஸுக்கு போன் போடுங்க!